சின்னக் கல்லூரியின் நீண்ட ஓட்டம்!

ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்க ஒரு கல்லூரிக்கு என்னென்ன வேண்டும்? பெரிய ஸ்டேடியம், ரப்பர் டிராக், விதவிதமான மெஷின்கள், பெயர் பெற்ற கோச், பணத்தைக் கொட்டிக் கொடுக்க நாலு பெரிய மனிதர்கள்... இப்படித்தானே பட்டியல் போடுவீர்கள்?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தெற்குப் பகுதியில் அலமோசா என்று ஒரு சிற்றூர். அங்கே ஆடம்ஸ் ஸ்டேட் என்று ஒரு சின்ன அரசுக் கல்லூரி. கிராமப்புறப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயார் செய்வதற்காக 1921-ல் ஏற்படுத்தியது. 2012-ல்தான் பல்கலைக்கழகம் என்ற பெயரே வந்தது. படிப்பவர்கள் சில ஆயிரம் பேர், அவ்வளவுதான். இந்தக் கல்லூரியின் ஆண்கள் அணி 1992-ல் என்.சி.ஏ.ஏ. இரண்டாம் பிரிவு தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியில் ஓடியது. முதலில் வந்தவர் ஆடம்ஸ் ஸ்டேட் மாணவர். இரண்டாவது? அவரும் ஆடம்ஸ் ஸ்டேட். மூன்று, நான்கு, ஐந்து? எல்லாமே ஆடம்ஸ் ஸ்டேட்!

சித்த மருத்துவருக்கும் அமெரிக்க ஓட்டப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. மூட்டு வலிக்காக என்னிடம் வருகிற ஓர் அம்மாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, ஒரு நாள் கவலையோடு சொன்னார்: "டாக்டர், என் பேத்தி அமெரிக்காவுல ஒரு சின்ன காலேஜ்ல சேர்ந்திருக்கா. அங்கே கிராஸ் கன்ட்ரி டீமாம். விடியக்காலைல எழுந்து ஏழெட்டு மைல் ஓடறாளாம். காலேஜ்ல ஒரு வசதியும் கிடையாதாம். போட்டோ அனுப்பியிருக்கா, பார்த்தா துரும்பா இருக்கா. ஒரு லேகியம் கொடுங்க, கூரியர்ல அனுப்பிடறேன்."

லேகியம் கொடுத்தேனா இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன். அவர் சொன்னதில் 'ஒரு வசதியும் கிடையாது' என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு உண்மையிலேயே எது வசதி, எது இல்லாவிட்டால் ஆபத்து? நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வெளிநாட்டில் படிக்கிறார்கள். சிலர் இப்படி ஓடவும் செய்கிறார்கள். பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

ஐந்தாவது ஆளும் முக்கியம்

முதலில் இந்தப் பந்தயம் என்னவென்று பார்த்துவிடலாம். கிராஸ் கன்ட்ரி என்றால் டிராக்கில் சுற்றிச் சுற்றி ஓடுவது அல்ல. புல்வெளி, மண் பாதை, மேடு, பள்ளம், சில சமயம் சேறு என்று எல்லாவற்றிலும் ஓட வேண்டும். அந்த இரண்டாம் பிரிவு தேசியப் போட்டியில் இப்போது ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 6 கிலோமீட்டர்.

மதிப்பெண் போடும் முறை வேடிக்கையானது. ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். அதில் முதல் ஐந்து பேர் எந்தெந்த இடத்தில் வந்தார்கள் என்பதைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக இருக்கும் அணிக்கே வெற்றி. ஆக, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஓர் அணியே பிடித்துவிட்டால் 15. அதைவிடக் குறைவாக வாங்க முடியாது! 1992-ல் ஆடம்ஸ் ஸ்டேட் வாங்கியது அந்த 15-ஐத்தான்.

ஒரே ஒரு நட்சத்திர வீரரை வைத்துக்கொண்டு இந்தப் போட்டியில் ஒன்றும் செய்ய முடியாது. ஐந்தாவதாக வருகிற சாதாரணப் பையன்தான் அணியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறான். அவனுக்குக் காலில் வலி, சோகை, ஜுரம் என்றால் மொத்த அணியும் படுத்துவிடும். பணம் படைத்த பெரிய பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே வேகமாக ஓடுகிற பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்து அள்ளிக்கொண்டு போய்விடும். சின்னக் கல்லூரிக்கு மிஞ்சுவது சுமாரான பிள்ளைகள்தான். அவர்களை நோயில்லாமல் நாலு வருஷம் வளர்த்தெடுப்பதில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது. என்னைக் கேட்டால், இது பாதி விளையாட்டு, பாதி வைத்தியம்!

காசில்லாமல் கிடைத்த மலை

அலமோசா சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி 2,240 மீட்டர். உயரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் ஊட்டியின் பசுமையை அங்கே எதிர்பார்க்காதீர்கள். சுற்றிலும் மலைத்தொடர்கள், நடுவில் மேஜை போலத் தட்டையான வறண்ட பள்ளத்தாக்கு. மழை மிகக் குறைவு. ரியோ கிராண்டே ஆறு ஊரை ஒட்டிப் போகிறது, உருளைக்கிழங்கு விளைகிறது. குளிர்காலத்திலோ சைபருக்குக் கீழே 20 டிகிரி, சில நாள் 30 டிகிரி கூட இறங்கிவிடும். ஓடுவதற்கு மண் ரோடுகளும் கால்வாய்க் கரைகளும் வேண்டிய மட்டும் உண்டு. வண்டி நடமாட்டம் குறைவு.

அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவதில்லை, 21 சதவீதம் அப்படியேதான் இருக்கும். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற அளவு குறைகிறது. உடம்பு சும்மா இருக்குமா? சில மணி நேரத்திலேயே சிறுநீரகங்கள் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கின்றன. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், 'சிவப்பணுக்களைக் கூடுதலாகத் தயார் செய்' என்று உத்தரவு போடுகிறது. மூன்று நான்கு வாரங்களில் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் வண்டிகள் கூடிவிடுகின்றன. இந்த ரத்தத்தோடு சமவெளிக்கு இறங்கி ஓடினால் சாதகம்தானே? ஆனால் சமவெளியிலேயே தங்கிவிட்டால் சில வாரங்களில் பழைய கதைதான்.

மூச்சைப் பற்றி நம் சித்தர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். அதற்காக, சிவப்பணுக் கணக்கையும் அவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று கதை விட நான் தயாராக இல்லை. இது நவீன உடலியல் கண்டுபிடித்தது. அந்தப் பெருமை அதற்கே சேரட்டும்.

உயரத்தின் பலனை உலகம் கவனிக்க ஆரம்பித்தது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸை ஒட்டித்தான். மெக்சிகோ நகரமும் 2,240 மீட்டர். அதனால் அமெரிக்க மாரத்தான் அணியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டத்தை அந்த ஆகஸ்டில் அலமோசாவிலேயே வைத்தார்கள். பெயர் தெரியாத அந்த ஊர் அன்றைக்குத்தான் ஓட்டக்காரர்களின் வாயில் புகுந்தது.

உயரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அங்கே வேகமாக ஓட முடியாது, சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும். 'உயரத்தில் தங்கு, தாழ்வில் பயிற்சி செய்' என்ற முறையைச் சோதித்த ஓர் ஆய்வு 1997-ல் வெளியானது. 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்தவர்கள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் சுமார் 13 விநாடி முன்னேறினார்கள். மேலேயே தங்கி மேலேயே ஓடியவர்களுக்கு அந்த அளவுக்குப் பலனில்லை. அப்படியானால் மேலேயே தங்கி மேலேயே ஓடிய அலமோசாக்காரர்கள் எப்படி ஜெயித்தார்கள்? மலை மட்டும் காரணமில்லை என்பதுதான் பதில். அந்த மலை நாட்டில் கல்லூரிகளுக்கா பஞ்சம்? எல்லாமுமா 15 வாங்கின?

இருபத்தெட்டு வருஷம் ஒரே இடத்தில்

ஜோ விஹில் என்பவர் 1929-ல் பிறந்தவர், அந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளை. ஆடம்ஸ் ஸ்டேட்டில் படித்து, ஊர் உயர்நிலைப் பள்ளியில் கோச்சாக இருந்து, 1965-ல் கல்லூரிக்கு வந்தார். 1993 வரை அங்கேயே! நடுவில் உடற்பயிற்சி உடலியலில் டாக்டர் பட்டமும் வாங்கிக்கொண்டார். அவர் காலத்தில் கல்லூரிக்குக் கிடைத்த தேசிய அணிப் பட்டங்கள் 19.

நீண்ட தூரம், நிதானமான வேகம், வருஷக்கணக்கில் பொறுமை. அவருடைய பயிற்சிக்கு அஸ்திவாரம் இதுதான். அவரிடம் படித்த பாட் போர்ட்டர் 1982 முதல் 1989 வரை தொடர்ந்து எட்டு வருஷம் அமெரிக்க கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுத்தரவில்லை. விஹில் கல்லூரியை விட்ட பிறகும், 1996-ல் டீனா கேஸ்டர் என்ற இளம்பெண் அவரைத் தேடி அலமோசாவுக்கே குடிவந்தார். எட்டு வருஷம் கழித்து, 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் அவருக்கு வெண்கலம். எட்டு வருஷம்! ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு 'இன்னும் குணம் தெரியலையே டாக்டர்' என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விஹிலிடம் பயின்ற டேமன் மார்ட்டின் பெண்கள் அணியையும் பலமுறை தேசிய சாம்பியனாக்கினார்.

விஷயம் இதுதான். கோச் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளையின் உடம்பு யாருக்கும் தெரியாது. போன வருஷம் எந்த மாதத்தில் கெண்டைக்கால் எலும்பில் வலி வந்தது, பரீட்சை நேரத்தில் எத்தனை மணி தூங்கினான், எவ்வளவு தூரம் தாங்குவான்... இதெல்லாம் ஒருவர் மனதில் பதிந்திருக்க வேண்டும். நம் குடும்ப டாக்டர்கள் அந்தக் காலத்தில் இருந்த மாதிரி. பெரிய இடங்களில் இதற்கு நாலு ஸ்பெஷலிஸ்ட், தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில், ஸ்கேன் எல்லாம் உண்டு. சின்ன இடத்தில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஓரிரு பிசியோ போன்றவர்கள் இருப்பார்கள். கால்பந்தில் அடிபட்டவனைக் கவனிப்பதற்கே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும். சத்தமில்லாமல் இளைத்துப்போகிற ஓட்டக்காரப் பெண் அவர்கள் கண்ணில் படுவது கஷ்டம்.

செலவு என்று பார்த்தால் இந்த விளையாட்டுக்குப் பெரிய செலவே ஷூவும் வேனும்தான். ஒரு ஜோடி ஷூ ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். வாரம் 100 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இரண்டு மாதத்துக்குள் புது ஷூ வேண்டும். இதில் மிச்சம் பிடிக்க நினைத்தால் முழங்காலும் குதிகாலும் கணக்குத் தீர்த்துவிடும். பேத்திக்கு ஏதாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஷூவுக்குப் பணம் அனுப்புங்கள் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார். நான் நிஜமாகவேதான் சொன்னேன்.

கண்ணுக்குத் தெரியாத கடன்

இப்போது கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

சிவப்பணு உற்பத்திக்கு இரும்புச் சத்து வேண்டும். ஓடுகிறவர்களுக்கு வியர்வையிலும் குடல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு போகிறது. பாதம் தரையில் மோதும்போது சில சிவப்பணுக்கள் உடையவும் செய்கின்றன. பெண்களுக்கு மாதவிலக்கு வேறு. கையிருப்பு தீர்ந்தால் எவ்வளவு உயரத்தில் ஓடினாலும் ரத்தம் ஊறாது. நாங்கள் பாண்டு என்று சொல்கிற சோகைதான் வந்து நிற்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்பின் கையிருப்பு கரைந்திருக்கலாம். அதற்கு ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அயச் செந்தூரம் எழுதிக் கொடுக்கிறவன்தான் நான். ஆனால் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்காமல் கொடுப்பதில்லை. இரும்பு கூடிப்போனாலும் ஈரல் கெடும்.

அடுத்தது இன்னும் முக்கியம். நான் கேட்ட ஒரே கேள்விக்கு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொன்னார்: "ஆமா டாக்டர், மூணு மாசமா வரலையாம். ஓடறவாளுக்கு அப்படித்தான்னு கூட ஓடற பொண்ணுங்க சொல்றாங்களாம். தொந்தரவு இல்லாம நல்லதுதானே பாட்டிங்கறா."

நல்லதே இல்லை! ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சகஜம் என்ற பேச்சை முதலில் விட்டொழிக்க வேண்டும். ஆடம்ஸ் ஸ்டேட் 15 வாங்கிய அதே 1992-ல்தான் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் கூடி இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: வீராங்கனைகளின் முக்கூட்டு நோய். சரியாகச் சாப்பிடாமை, மாதவிலக்கு நிற்பது, எலும்பு தேய்வது ஆகிய மூன்றும் கைகோத்து வருகின்றன. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை விரிவாக்கி, ஆண்களுக்கும் இந்தச் சக்திப் பற்றாக்குறை உண்டு என்று அறிவித்தது.

உடம்பு ஒரு கணக்குப்பிள்ளை. வருகிற உணவு ஓட்டத்துக்கே செலவாகிப் போனால், 'பிள்ளை பெறும் வேலையை இப்போதைக்கு நிறுத்து' என்று மூளை முடிவு செய்கிறது. ஈஸ்ட்ரோஜென் குறைகிறது. எலும்பு பலமிழக்கிறது. எலும்புக்குப் பலம் சேருகிற வயதே இருபதுகளின் நடுப்பகுதி வரைதான். அப்போது சேராதது பிறகு முழுசாகச் சேருவதில்லை. கெண்டைக்கால் எலும்பிலும் பாதத்திலும் முடி போன்ற மெல்லிய விரிசல்கள் விழும். இளைத்தால் வேகம் கூடும் என்று நினைக்கிற பிள்ளை முதலில் கொஞ்சம் வேகமாக ஓடவும் ஓடும். அதுதான் ஏமாற்று! பின்னால் ஒரு சீசன் முழுக்க ஊன்றுகோலோடு நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே லேகியம் கொடுக்கவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே கல்லூரி வீரர்களுக்கு ஊக்க மருந்துச் சோதனை நடக்கிறது. எதில் என்ன கலந்திருந்தாலும் மாட்டிக்கொள்வது பிள்ளைதான், அனுப்பிய பாட்டி அல்ல. எங்கள் மருந்தானாலும் சரி, கடையில் விற்கிற புரோட்டீன் பவுடரானாலும் சரி, அணியின் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடக் கூடாது. "பேத்தியை இந்த வாரமே காலேஜ் ஹெல்த் சென்டருக்குப் போகச் சொல்லுங்கள். மூன்று மாதமாக வரவில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். மற்ற காரணங்கள் இருக்கிறதா என்றும் அவர்கள் பார்ப்பார்கள். அதுவரை ஓட்டத்தைக் குறைக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். மருந்துச் சீட்டில்தான்!

இப்படி ஓர் அணியில் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் ஸ்டேடியம் எப்படி என்று விசாரிப்பதை விட, கோச் அங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார், முதல் வருஷப் பிள்ளையை ஆரம்பத்திலேயே சீனியர்களோடு ஓடவிடுவாரா அல்லது தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவாரா, வருஷத்துக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை உண்டா, எல்லார் முன்னாலும் எடை பார்த்துக் கேலி செய்கிற வழக்கம் இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

சேரும்போது சிக்கிள் செல் என்ற ரத்தப் பரிசோதனைக்கும் படிவம் தருவார்கள். பயந்துவிட வேண்டாம். பரம்பரையாக வருகிற சிவப்பணுக் கோளாறு அது. அந்தக் கூறு உள்ளவர்களுக்கு உயரமான இடத்தில் கடுமையாக ஓடினால் மண்ணீரல் பாதிக்கப்படலாம் என்பதால் கேட்கிறார்கள். இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளில் 2012 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. இந்தியாவில் இந்தக் கூறு 1952-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான்.

தட்டில் என்ன இருக்கிறது?

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 50 கிலோ எடையுள்ள பெண் 12 கிலோமீட்டர் ஓடினால் 600 கலோரி. கிட்டத்தட்ட பத்து இட்லி! வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் பத்து இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாலட்டைக் கொறித்துவிட்டு எழுந்தால் இது எப்படி ஈடாகும்?

அந்தப் பேத்தி சைவம். சைவம் சாப்பிட்டு ஓட முடியாது என்பது தப்பு, ஆனால் அளவும் கவனமும் வேண்டும். அமெரிக்க மெஸ்ஸிலும் ராஜ்மா, கொண்டைக்கடலை, பருப்பு சூப், வேர்க்கடலை வெண்ணெய், பால், தயிர் எல்லாம் கிடைக்கும். பயறுகளில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்ட, கூடவே ஆரஞ்சோ எலுமிச்சையோ வேண்டும். சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். சுத்த சைவக்காரர்களுக்கு பி12 குறையலாம், அதையும் சோதிப்பது நல்லது. உயரமான, வறண்ட ஊரில் மூச்சு வழியாகவே நிறைய நீர் போகும் என்பதால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். லீவுக்கு இங்கே வரும்போது கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் பாட்டி கையால் தாராளமாகக் கொடுக்கலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஓட்டம் முடிந்து அரை மணிக்குள் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும். குளித்து, வகுப்புக்குப் போய், மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. காலை ஆறு மணி ஓட்டத்துக்கு முன்பு ஒரு வாழைப்பழம், ஓட்டத்துக்குப் பின் பாலும் ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும், வகுப்புகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி பாதாமும் உலர்ந்த திராட்சையும். இரவு பத்து மணிக்குப் படுக்கை.